பதுங்கிப் போவதற்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை வினைச்சொற்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆங்கிலத் துப்பறியும் கதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒருவன் இரவில் ஒரு பெரிய வீட்டின் தோட்டத்துக்கு வருகிறான். தோட்டத்தில் அவன் நடமாடுவதற்கு 'ப்ரௌல்', மரத்தடியில் நிற்பதற்கு 'லர்க்', மாடிப்படி ஏறுவதற்கு 'க்ரீப்', படிப்பறைக்குள் நுழைவதற்கு 'ஸ்டீல்', வேலைக்காரப் பெண் பார்த்துவிட்ட பிறகு வெளியே போவதற்கு 'ஸ்லிங்க்' என்று ஐந்து வினைகளை ஆசிரியர் போட்டிருக்கிறார். அடுத்த அத்தியாயத்தில் 'ஸ்னீக்' வேறு வருகிறது. உங்களிடம் இருக்கும் அகராதி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'பதுங்கிச் செல்' என்றே பொருள் தருகிறது. எல்லா இடத்திலும் அதையே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறையக் குறைந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பித்தும் மொழிபெயர்த்தும் வருகிறேன். நன்றாகப் படித்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் இது. இவற்றை நடையின் வகைகள் என்று நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. கால் எப்படி நகர்கிறது என்பதை இவற்றில் இரண்டு மூன்று சொற்களே சொல்கின்றன. அவன் எதற்காக ஒளிகிறான், அவன் மனத்தில் இருப்பது பயமா, பசியா, வெட்கமா, கதை சொல்கிறவர் அவனைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையே மற்றவை சொல்கின்றன. வினைச்சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு அடங்கிக் கிடக்கிறது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் ஒருநாள் பார்த்த பூனையை வைத்து இதைக் காட்டுகிறேன். சாம்பல் நிறத் தெருப்பூனை. மாலை ஐந்தரை மணி இருக்கும், மதில்மேல் வந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனது, திரும்பியது, கீழே குதித்துக் குப்பைக்கூடையை முகர்ந்தது, மறுபடி மதிலேறியது. அவசரம் இல்லை, குறிப்பிட்ட இலக்கும் இல்லை, ஏதாவது அகப்படாதா என்ற தேடல் மட்டும் இருந்தது. அது ப்ரௌல். பிறகு துவைக்கிற கல்லின் நிழலில் போய் ஒடுங்கியது. உடம்பு அசையவில்லை, காது மட்டும் திரும்பித் திரும்பி நின்றது. அது லர்க். முருங்கை மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கியது. அணில் ஓடினால் பூனை நிற்கும். அணில் நின்று கொறித்தால் பூனை இரண்டடி முன்னேறும். கண் மட்டும் அணிலை விட்டு அகலவே இல்லை. அது ஸ்டாக். கடைசி மூன்றடித் தூரத்தில் வயிறு தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, அந்தரத்திலேயே வைத்திருந்து, பஞ்சை வைப்பதுபோல் இறக்கியது. அது க்ரீப்.

அணில் தப்பிவிட்டது. பூனை சமையலறைக் கதவு திறந்திருப்பதைக் கண்டு, நாங்கள் பாராத நேரம் பார்த்து உள்ளே புகுந்தது. அது ஸ்னீக். மேடைமேல் கழுவி வைத்திருந்த நெத்திலியில் அது வாய் வைத்த நொடியில் என் மனைவி பார்த்து அதட்டினார். பூனை பாய்ந்து ஓடும் என்று நினைத்தேன், ஓடவில்லை. உடம்பைக் குறுக்கி, வாலைத் தாழ்த்தி, சுவரோடு சுவராக, எங்கள் முகத்தைப் பாராமல் வெளியே போனது. அது ஸ்லிங்க்.

அரைமணி நேரம், ஒரே பூனை, அதே நான்கு கால். அதன் நோக்கமும் நிலைமையும் மாறமாறச் சொல்லும் மாறிக்கொண்டே வந்தது.

இவற்றில் பேச்சில் அதிகம் புழங்குவது ஸ்னீக். மீறக் கூடாத ஒரு விதி இருக்க வேண்டும், அதை ஒருவன் மீற வேண்டும், மீறுவது யாருக்கும் தெரியக் கூடாது. இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு முழு உயிர். விடுதி மாணவன் விளக்கணைத்த பிறகு சுவரேறி இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போவது ஸ்னீக். பொருளைக் கொண்டுபோவதற்கும் இதே சொல் பொருந்தும். தேர்வறைக்குள் துண்டுச்சீட்டைக் கொண்டுபோவதும், சர்க்கரை நோயாளியான தாத்தாவுக்குப் பாட்டி முந்தானைக்குள் மறைத்து லட்டு கொண்டுவருவதும் ஸ்னீக்கின் எல்லைக்குள் வரும். க்ரீப், ஸ்லிங்க் போன்றவை இப்படி ஒரு செயப்படுபொருளை ஏற்பதில்லை. இந்த இலக்கண வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிப் பிழை குறையும்.

ஸ்னீக்கில் ஒரு சின்னத்தனத்தின் வாடை எப்போதும் உண்டு. பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களில் கோள்சொல்லி மாணவனுக்கே அது பெயர். 'ஸ்னீக் ஆன்' என்றால் ஆசிரியரிடம் போய்க் காட்டிக்கொடுப்பது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது அமெரிக்கர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஸ்னீக் அட்டாக்'. தம் படை முன்னறிவிப்பின்றித் தாக்கினால் அது 'சர்ப்ரைஸ் அட்டாக்'. இரண்டும் எதிர்பாராத தாக்குதல்தான், ஆனால் முதல் சொல் எதிரியைக் கோழை என்கிறது. தமிழில் அந்த இடத்தில் 'திடீர்த் தாக்குதல்' என்று போட்டால் அமெரிக்கரின் கோபம் காணாமல் போய்விடும். 'கள்ளத்தனமான தாக்குதல்', 'முதுகில் குத்திய தாக்குதல்' என்றால் ஓரளவு வரும்.

இறந்தகால வடிவத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஸ்னீக்ட் பழைய வடிவம். ஸ்னக் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. நீண்ட காலம் அதைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். இன்று அமெரிக்கப் பேச்சிலும் எழுத்திலும் அது சாதாரணம், பிரிட்டனிலும் பரவிவிட்டது. தேர்வு எழுதுகிறவர்கள் ஸ்னீக்ட் என்றே எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. நீங்கள் மொழிபெயர்க்கும் கதையில் ஒரு பாத்திரம் ஸ்னக் என்று பேசினால், அவர் அமெரிக்கரா என்று ஒருமுறை பாருங்கள், பழைய கதையென்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நாம் காலில் மாட்டும் ஸ்னீக்கருக்கும் இதுதான் தாய்ச்சொல். ரப்பர் அடி வைத்த காலணி நடக்கும்போது சத்தம் போடாது, அவ்வளவுதான் காரணம்.

அடுத்து ஸ்டீல். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, மாணவர்களை அதிகம் ஏமாற்றுவதும் இதுவே. 'ஹி ஸ்டோல் இன்டு த ரூம்' என்பதை 'அவன் அறைக்குள் திருடினான்' என்று எழுதிய விடைத்தாள்களைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். இந்த வாக்கியத்தில் திருட்டே இல்லை. ஸ்டீலுக்குப் பின்னால் ஒரு பொருள் வந்தால் அது திருட்டு. இன்டு, அவுட், அவே, அப் என்று திசை காட்டும் சொல் வந்தால் அது நகர்வு. கடிகாரத்தை ஸ்டீல் செய்தவன் திருடன். நோயாளியின் அறையிலிருந்து அவர் உறக்கம் கலையாதபடி 'ஸ்டோல் அவே' என்று வெளியே வந்த மகள் திருடி அல்லள்.

ஆனால் அந்த மாணவர்களின் பிழைக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓசையற்ற மறைவு என்ற கருத்தே திருட்டிலிருந்து முளைத்ததுதான். ஹீல், ஹெல்த் என்ற இணையைப்போலவே ஸ்டீல், ஸ்டெல்த் இரண்டும் ஒரே குடும்பம். இடைக்கால ஆங்கிலத்தில் ஸ்டெல்த் என்றால் திருட்டு என்றே பொருள். பிறகு திருட்டு உதிர்ந்துபோய் மறைவு மட்டும் தங்கியது. 1988 நவம்பரில் அமெரிக்க விமானப்படை தன் எஃப்-117 விமானத்தை உலகத்துக்கு வெளிப்படுத்தியபோது, ராடார் கண்ணுக்கு எளிதில் அகப்படாத அந்த நுட்பத்துக்கு வழங்கிய பெயரும் இந்தப் பழைய திருட்டுச் சொல்தான். லத்தீன் பக்கம் போனாலும் கதை மாறவில்லை. 'ஃபர்டிவ்' என்ற பெயரடையில் இருப்பது திருடனைக் குறிக்கும் 'ஃபூர்' என்ற லத்தீன் சொல். 'சர்ரப்டிஷஸ்' என்பதன் வேர் ரகசியமாக எடுத்துக்கொள்வது என்ற லத்தீன் வினை. முயல்வளைக்குள் நுழையும் ஃபெரட் என்ற சிறு விலங்கின் பெயரும் அதே 'ஃபூர்' வழி வந்தது, சின்னத் திருடன் என்று பொருள்.

தமிழர்க்கு இது வியப்பாக இருக்கக் கூடாது. நம்மிடம் களவு என்ற சொல் இருக்கிறது. பொருளைக் கவர்வதும் களவு, காதலர் ஊரறியாமல் சந்திப்பதும் களவு. தொல்காப்பியம் அதற்கென்றே களவியல் என்று ஓர் இயல் வைத்திருக்கிறது. 'கண்களவு கொள்ளும் சிறுநோக்கம் காமத்தில் செம்பாகம் அன்று பெரிது' என்று வள்ளுவர் 1092ஆம் குறளில் சொல்லும்போது, அந்தப் பெண் நாம் பாராத நேரம் பார்த்து நம்மேல் வீசும் சின்னப் பார்வையைத்தான் களவு என்கிறார். ஆங்கிலத்தில் 'ஸ்டீல் அ க்ளான்ஸ்' என்பது அச்சு அசலாக இதுவே. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலேயே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதை முதன்முதலாகக் கவனித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் வகுப்பில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. ஆகவே அந்தத் தொடரை 'பார்வையைத் திருடினாள்' என்று முரட்டுத்தனமாக எழுத வேண்டாம். 'கள்ளப் பார்வை பார்த்தாள்', 'ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்' என்று நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நகர்வுப் பொருளில் ஸ்டீல் இலக்கியச் சொல். வீட்டுப் பேச்சில் யாரும் 'ஐ ஸ்டோல் டவுன்ஸ்டேர்ஸ்' என்று சொல்வதில்லை. அதில் பழியும் இல்லை, ஒரு மென்மைதான் இருக்கிறது. மாலை ஒளி பள்ளத்தாக்கில் கவிவதற்குக்கூட இந்தச் சொல்லைப் போடுவார்கள். அதே இடத்தில் ஸ்னீக்கைப் போட்டுப் பாருங்கள், மாலைப்பொழுதே குற்றவாளி ஆகிவிடும். தமிழில் 'அரவமின்றி', 'ஓசைப்படாமல்' என்ற வினையடைகள் ஸ்டீலின் தரத்துக்கு ஒத்துவருகின்றன. 'திருட்டுத்தனமாக' என்பது இங்கே கூடாது, அதை ஸ்னீக்குக்கு விட்டுவையுங்கள்.

க்ரீப் உடலைச் சொல்கிறது. தாழ்வு, மெதுவு, ஓசையின்மை. குற்றம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பழைய ஆங்கிலத்திலேயே இது தரையோடு ஊர்வதைக் குறித்த சொல். கொடிக்கு க்ரீப்பர் என்று பெயர் வந்ததும் அதனால்தான். பாம்பு, பல்லி இனத்துக்கு ஆங்கிலத்தார் எடுத்துக்கொண்ட ரெப்டைல் என்ற லத்தீன் வழிச் சொல்லும், நாம் சொல்லும் 'ஊர்வன' என்பதும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை, இரண்டுக்கும் அடிப்படை ஊர்தல்தான். பக்கத்துச் சொல்லான க்ராலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். குழந்தை தவழ்வது க்ரால், அதற்குச் சத்தத்தைப் பற்றிக் கவலையில்லை. மனிதன் க்ரீப் செய்யும்போது பெரும்பாலும் இரண்டு காலில்தான் இருக்கிறான், தன்னைச் சுருக்கிக்கொண்டு அடிமேல் அடி வைக்கிறான்.

மெதுவு என்ற அந்தக் குணம் இந்தச் சொல்லை எங்கெங்கோ கொண்டுபோயிருக்கிறது. பொறியியலில், தாங்கக்கூடிய சுமையையே இடைவிடாமல் சுமந்துகொண்டிருக்கும் உலோகம் நாளடைவில் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டு உருமாறுவதற்கு க்ரீப் என்று பெயர். வெப்பம் ஏற ஏற அது விரைவுபடும். விமான எஞ்சினின் சுழலித் தகடுகளைச் செய்கிறவர்கள் அஞ்சும் சொல் அது. நிலவியலில், மலைச்சரிவின் மேல்மண் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கீழே இறங்குவதும் க்ரீப்தான். அந்தச் சரிவில் நிற்கும் மரங்களின் அடிப்பகுதி வளைந்திருப்பதை வைத்து அதைக் கண்டுபிடிப்பார்கள். விலைவாசி, முதுமை, கடன் எல்லாம் ஆங்கிலத்தில் க்ரீப் செய்யும். யாரும் அவற்றை மறைக்கவில்லை, மெதுவாக வருவதால் நாம் கவனிப்பதில்லை, அவ்வளவே. இங்கெல்லாம் 'பதுங்கி' என்று எழுதினால் பிழை. 'முதுமை மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது', 'விலை சிறுகச் சிறுக ஏறியது' என்பதே சரி.

க்ரீப்பி என்ற பெயரடை வேறு திசையில் போயிற்று. தோல்மீது ஏதோ ஊர்வது போன்ற உணர்வு, அதிலிருந்து அந்த உணர்வைத் தரும் இடம், பிறகு அந்த உணர்வைத் தரும் ஆள். ஒருவரை க்ரீப் என்று ஓர் ஆங்கிலேயப் பெண் சொன்னால், அவன் ஊர்ந்து வந்தான் என்று பொருளில்லை, அவன் பார்வையும் பேச்சும் அவளுக்குக் கூசுகின்றன என்று பொருள்.

ஸ்லிங்கைப் பொறுத்தவரை ஒரே விதி போதும்: முன்னால் ஏதோ நடந்திருக்க வேண்டும். தோற்றிருக்க வேண்டும், பிடிபட்டிருக்க வேண்டும், திட்டு வாங்கியிருக்க வேண்டும். ஸ்னீக் செய்கிறவன் இன்னும் மாட்டவில்லை. ஸ்லிங்க் செய்கிறவன் மாட்டிவிட்டான், அல்லது மாட்டியவன்போல் கூசுகிறான். அதனால்தான் இந்த வினை பெரும்பாலும் அவே, ஆஃப், அவுட் ஆகியவற்றோடு வருகிறது, போய்விடுவதற்கான சொல் இது. இறந்தகாலம் ஸ்லங்க். தமிழில் இதற்குக் குறையே இல்லை. 'வாலைச் சுருட்டிக்கொண்டு போனான்', 'தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறினான்', 'கூனிக் குறுகி நழுவினான்' எல்லாம் பொருந்தும். நாயை வைத்துத்தான் ஆங்கிலத்தாரும் நாமும் இதைக் கற்றிருக்கிறோம். ஸ்லிங்கி என்ற பெயரடையில் மட்டும் வெட்கம் போய் வளைவு நெளிவு தங்கிவிட்டது. உடலோடு ஒட்டி அசையும் உடைக்கு அந்தப் பெயர் உண்டு. 1945இல் ஃபிலடெல்ஃபியாவில் விற்பனைக்கு வந்த, மாடிப்படியில் தானே இறங்கும் சுருள்கம்பி விளையாட்டுப் பொருளுக்கும் அதே பெயர்தான்.

இந்த இடத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அமைச்சர் செய்தியாளர்களைச் சந்திக்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நிருபர் 'ஸ்லிப்ட் அவுட்' என்று எழுதினால் பழி இல்லை, யாரும் கவனிக்காமல் போனார், அவசர வேலையாகவும் இருக்கலாம். 'ஸ்னீக்ட் அவுட்' என்றால் அவர் மறைக்க ஏதோ இருக்கிறது. 'ஸ்லங்க் அவுட்' என்றால் உள்ளே அவர் அவமானப்பட்டிருக்கிறார். நடந்தது ஒன்றே, வாசகர் மூன்று வெவ்வேறு மனிதர்களைப் பார்ப்பார். நம் நாளிதழ்களும் 'வெளியேறினார்', 'நழுவினார்', 'ஓட்டம் பிடித்தார்' என்று இதே வேலையைச் செய்கின்றன. எனவே மொழிபெயர்ப்பவர் இந்தச் சொற்களைத் தட்டையாக்கினால், ஆசிரியர் தன் பாத்திரத்துக்கு வழங்கிய தீர்ப்பை ரத்து செய்துவிடுகிறார் என்று பொருள். எனக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

ப்ரௌலுக்கு வருவோம். இதன் மையம் ஒளிதல் அல்ல, தேடல். இடைக்கால ஆங்கிலத்திலும் இதற்குத் தேடி அலைவது என்றே பொருள். ப்ரௌல் செய்கிறவன் மறைந்து நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். அமெரிக்காவில் போலீஸ் ரோந்துக் காருக்கே முன்பு ப்ரௌல் கார் என்ற பெயர் இருந்தது, விளக்கைச் சுழலவிட்டபடி போகும் வண்டி எதையும் மறைக்கவில்லை. ஆனால் வேட்டை மனம் இருக்க வேண்டும். பூங்காவில் காற்று வாங்க நடப்பவர் ப்ரௌல் செய்வதில்லை. இதற்குத் தமிழ்ச் சொல் தேடி நான் நெடுங்காலம் அலைந்தேன். கடைசியில் அது தினசரித் தலைப்பிலேயே கிடந்தது. 'சிறுத்தை நடமாட்டம், பொதுமக்கள் அச்சம்' என்று எத்தனை முறை படித்திருக்கிறோம். ஆங்கில நாளிதழ் அதே செய்திக்கு 'லெப்பர்ட் ஆன் த ப்ரௌல்' என்று தலைப்பிடும். நடமாட்டம் என்ற சொல் மனிதரைப் பற்றி வந்தாலும் 'மர்ம நபர் நடமாட்டம்' என்று அதே அச்சத்தைத் தருகிறது. தனிச் சொல்லாக அது சாதுவானது, சேரும் இடத்தில்தான் பல் முளைக்கிறது.

லர்க் நகர்வே அல்ல. 'லர்க் இன்டு' என்று எழுத முடியாது, 'லர்க் இன்', 'லர்க் பிஹைண்ட்' என்றுதான் வரும். பதுங்கிச் செல்லுதல் வேறு, பதுங்கியிருத்தல் வேறு. துணைவினையை மாற்றினாலே தமிழில் வேலை முடிந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: லர்க்கில் கெடுநோக்கு தொக்கி நிற்கும். கண்ணாமூச்சி ஆடும் குழந்தை கட்டிலுக்கடியில் ஹைட் செய்கிறது, லர்க் செய்வதில்லை. இணையக் குழுக்களில் எழுதாமல் படிக்க மட்டும் செய்பவர்களை லர்க்கர் என்று சொல்லும் வழக்கத்தில் மட்டும் அந்தக் கெடுநோக்கு தேய்ந்துபோய்விட்டது. ஸ்கல்க் இதற்கு உடன்பிறப்பு. கோழைத்தனத்தாலோ கடமையிலிருந்து தப்பவோ ஒளிவது அது. 'தலைமறைவாகத் திரிந்தான்' என்பதற்கும் 'வேலைக்குப் பயந்து ஒளிந்தான்' என்பதற்கும் நடுவில் எங்கோ அதன் இடம்.

ஸ்டாக் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உச்சரிப்பில் நடுவிலுள்ள எல் கேட்காது, வாக் என்பதில் கேட்காததுபோல. ஸ்டீலின் குடும்பத்தில் பிறந்த சொல் இது, வேட்டைக்காரன் மானுக்குத் தெரியாமல் அதை நெருங்குவது. பின்னாளில் இதற்கு நேர்மாறான ஒரு பொருளும் சேர்ந்தது. கோபத்தோடு விறைப்பாக, தலை நிமிர்த்தி, எல்லோரும் பார்க்க நடப்பதும் ஸ்டாக்தான். 'ஷி ஸ்டாக்ட் அவுட் ஆஃப் த ரூம்' என்றால் அவள் பதுங்கி வெளியேறவில்லை, விருட்டென்று எழுந்து போனாள். புகழ்பெற்ற பதிப்பகங்களின் மொழிபெயர்ப்புகளில்கூட இங்கே 'பதுங்கி' வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். யாரை என்ற கேள்விக்கு விடை இருந்தால் அது வேட்டை. அவுட், ஆஃப் என்று திசை மட்டும் இருந்தால் பெரும்பாலும் கோபம்.

மூன்றாவது பொருள் சட்டத்தில் இருக்கிறது. ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைக் கலிஃபோர்னியா 1990இல் ஸ்டாக்கிங் என்ற பெயரில் தனிக்குற்றமாக்கியது. இந்தியாவில் 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு சேர்ந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு. ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரையும், மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டு வரையும் சிறை. இந்தக் குற்றத்தைச் செய்கிறவன் ஒளிய வேண்டும் என்ற அவசியமே இல்லை, பஸ் நிறுத்தத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிற்பவனும் இதைச் செய்கிறான். ஆகவே 'பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதே சரியான தமிழ். இங்கே மறைவைக் கொண்டுவந்து நுழைத்தால் குற்றத்தின் இயல்பே மாறிவிடும்.

டிப்டோ எளிது. நுனிக்காலில் நடப்பது, பழியற்றது, பெரும்பாலும் அடுத்தவர் தூக்கத்தின் மேலுள்ள அக்கறை. சைடில், நண்டைப்போலப் பக்கவாட்டில் நகர்ந்து ஒருவரை அண்டுவது, கடன் கேட்கவோ ரகசியம் சொல்லவோ வருபவரின் தயக்கம் அதில் இருக்கும். புஸ்ஸிஃபுட் என்ற அமெரிக்கச் சொல் பூனைப்பாதம். ஓக்லஹோமா பகுதியில் கள்ளச்சாராயக்காரர்களைச் சத்தமில்லாமல் பிடித்த வில்லியம் ஜான்சன் என்ற மதுவிலக்கு அதிகாரிக்கு அது பட்டப்பெயராகவே நிலைத்தது. இன்று அந்த வினை நடையைக் குறிப்பது அரிது. பட்டும் படாமலும் பேசி மழுப்புவதற்கே அது பயன்படுகிறது.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் மீதி இருக்கும், அது சொல்லில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஆங்கிலம் எப்படி நகர்ந்தான் என்பதை வினையிலும், எங்கே என்பதைப் பின்னால் வரும் சிறு சொல்லிலும் வைக்கிறது. லெனர்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985இல் விரிவாக எடுத்துக்காட்டிய வேறுபாடு இது. ஸ்பானிஷ் போன்ற மொழிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, திசையை வினையில் வைத்து, விதத்தை வேண்டுமானால் தனியாகச் சொல்கின்றன. தமிழும் இந்தப் பக்கமே அதிகம் சாய்கிறது. நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, கட என்று திசை நம் முற்றுவினையில் இருக்கிறது. விதத்தை வினையெச்சமோ அடையோ சுமக்கிறது. எனவே ஆங்கிலத்தின் ஒரு வினைக்குத் தமிழில் ஒரு வினையைத் தேடாதீர்கள். முதலில் திசைக்கு முற்றுவினையைப் போடுங்கள், பிறகு அந்தத் தீர்ப்பைச் சுமக்கும் எச்சத்தை முன்னால் சேருங்கள். ஒவ்வோர் இடத்திலும் சேர்க்க வேண்டும் என்பதும் இல்லை. முந்தைய வாக்கியத்திலேயே இருட்டும் ஓசையின்மையும் வந்துவிட்டால் 'நுழைந்தான்' மட்டும் போதும்.

உங்கள் பக்கத்துக்குத் திரும்புகிறேன். தோட்டத்தில் அவன் 'எதையோ தேடுபவன்போல் சுற்றித் திரிந்தான்', வீட்டாரின் பார்வையில் சொல்வதாக இருந்தால் 'தோட்டத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தது'. மரத்தடியில் 'பதுங்கியிருந்தான்', பதுங்குதல் என்ற சொல்லை இந்த ஓரிடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் 'அடிமேல் அடி வைத்து ஏறினான்'. படிப்பறைக்குள் 'அரவமின்றி நுழைந்தான்', அங்கே ஆசிரியர் ஸ்னீக் என்று எழுதவில்லை, எனவே அவர் இந்த மனிதனை இன்னும் கயவன் என்று முடிவுகட்டவில்லை, நீங்களும் முந்திக்கொள்ளாதீர்கள். அடுத்த அத்தியாயத்தின் ஸ்னீக்கை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. அதைச் சொல்வது கதைசொல்லியா, அவனை வெறுக்கும் ஒரு பாத்திரமா என்று பாருங்கள். வெறுப்பவர் வாயில் வருவதென்றால் 'திருட்டுத்தனமாக' என்று தயங்காமல் எழுதலாம்.

மீதி இருப்பது வேலைக்காரப் பெண் பார்த்த பிறகு வரும் ஸ்லங்க். அவள் அவனைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாமலே அவன் கூனிக் குறுகிப் போகிறான் என்றால், அவளுக்கு முன்னால் அவன் வெட்கப்பட வேறு காரணம் இருக்கிறது. கதையில் அவள் முதலில் வரும் இடத்தை எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள்.